ஒரு தேசிக்காய் உயரம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவ பூமலர் அக்கா, மூன்று வருடத்துக்கு முந்திய கந்தசட்டியில், விரதம் முடிந்து பாறணைக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த காலையில். ஒஸ்லோவில் எங்கள் கோயில் சமையலறை. அக்கா நோர்வேயின் வடகோடியில் இருந்து விமானம் ஏறி வந்து, வந்த களைப்போடே பூசணிக்காயைக் கீறிக்கொண்டு, வெங்காயம் எந்தக் கடையில் மலிவு என்று சொல்கிற அதே குரலில், தங்கள் ஊரில் இன்பராணியின் ஸ்போர்ட்ஸ் கார் நிலத்தில் முட்டாமல் ஓடுகிறது என்று சொன்னா. விரத வாயால் அக்கா பொய் சொல்ல மாட்டா. அதனால் எவ்வளவு உயரத்தில் என்று மட்டும் கேட்டேன். ஒரு தேசிக்காய் உயரம் என்றா. தமிழ்நாட்டு ஆக்கள் எலுமிச்சம்பழம் என்பார்களே, அதுதான்.

அந்த ஊரை நீ பார்த்திருக்க மாட்டாய் பிள்ளை. மலை பின்னால் இருந்து தள்ள, கடல் முன்னால் இருந்து நெரிக்க, நடுவில் ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், நிறம் நிறமாய் மரவீடுகள், அவற்றில் பத்துப் பதினைந்து எங்கட ஆக்களின் வீடுகள். சண்டைக்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, மீன் வெட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வடக்கே போய், போனவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டு, அப்படியே இருந்துவிட்ட சனம். கார்த்திகை விளக்கீட்டுக்குள் அங்கே சூரியன் போய்விடும்; தைப்பொங்கலுக்கும் வராது; வராத சூரியனுக்கு அந்தச் சனம் முற்றத்துப் பனியை வெட்டி ஒதுக்கி, அடுப்பு மூட்டி, பொங்கிப் படைத்து, இருட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட, அது ஒரு கிழமை கழித்து மலைக்கு மேலே நெற்றியை மட்டும் காட்டிவிட்டுப் போகும். காற்று ஆளைத் தள்ளி விழுத்தும். கதவைக் கவனமில்லாமல் திறந்தால் கதவே போய்விடும். அப்படிப்பட்ட ஊரில், எல்லோரும் உயரமான, பாரமான, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வாகனமாய்ப் பார்த்து வாங்குகிற ஊரில், இன்பராணி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா.

இன்பராணிக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் காலமாகிவிட்டார், ஆண்பிள்ளைகள் இருவரும் படித்து முடித்துத் தெற்கே போய்விட்டார்கள். இருபது வருடமாய் மீன் வெட்டிய கை. தெற்கில் இருந்து வந்த இளம் மீன் வியாபாரி ஒருவன், கடும்பச்சை நிறத்தில், இரண்டே இரண்டு இருக்கையோடு, நிலத்தோடு நிலமாய்ப் பதுங்கியிருக்கிற அந்தக் காரைக் கொண்டுவந்து, முதல் குளிர்காலத்திலேயே இரண்டு தரம் வீதியை விட்டு வழுக்கி, அதை ஒரு தார்ப்பாயால் மூடி விற்க விட்டுவிட்டு விமானத்தில் திரும்பிப் போனான். வேலை முடிந்து வந்த இன்பராணி, காற்று அந்தத் தார்ப்பாயைத் தூக்கிய நேரம் பார்த்து அவ்விடத்தால் நடந்தா. கார் வடிவாய் இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. மூத்த மகன் போனில், அம்மா உங்களுக்கு விசரே, பனியில் அது இரண்டு அடி போகாது என்று கத்தியிருக்கிறான். அவ பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னாவாம்:

"நீங்கள் ரெண்டு பேரும் ஆசைப்பட்டதெல்லாம் வாங்கித் தந்தனான் ராசா. இது எனக்கு."

புது வாகனம் வந்தால் எங்கட ஆக்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அது ஐயர் இல்லாத ஊர். பூமலர் அக்காதான் ஐயர். மார்கழி மாதம், நாள் முழுக்க இருட்டு, மூச்சு விட்டால் மீசையில்லாதவர்களுக்கும் மீசை வெள்ளையாய் முளைக்கிற குளிர். தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம், ஒரு தேங்காய், நாலு சக்கரத்துக்கும் நாலு தேசிக்காய். இராகுகாலம் கழியட்டும் என்று தட்டைக் காரின் மூக்கில் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்த் தேத்தண்ணீர் குடித்தார்கள். அங்கேதான் பிழை நடந்தது. திரும்பி வந்து பார்த்தால் தேங்காய்க்குள் இளநீர் கட்டியாய்க் கிடக்கிறது. தேசிக்காய் நாலும் கல். நசியும், காரின் பாரம் சும்மாவா என்று சொல்லி அக்கா அவற்றைச் சக்கரத்தின் கீழ் வைத்தா. இன்பராணி பிள்ளையாரை நினைத்துக்கொண்டு காரை எடுத்தா. வழமையாய்ச் சளக் என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டால்தான் மனதுக்கு நிம்மதி. அன்றைக்கு வரவில்லை. கார் தேசிக்காய்களின் மேல் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. அதே உயரத்தில் வீதி முனை வரை போய், அதே உயரத்தில் திரும்பி, அதே உயரத்தில் வந்து நின்றது. அக்கா குனிந்து, முழுசாய்க் கிடந்த தேசிக்காய்களைப் பொறுக்கி, டயருக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தா. குளிர்ந்த காற்று மட்டும் இருந்தது. மோதகம் ஆறுது, வாங்கோ என்று எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனா. தேசிக்காய் இளகினதும் ஊறுகாய் போட்டார்களாம், நல்ல ஊறுகாய்.

அதற்குப் பிறகு சனம் என்ன செய்தது என்பதைத்தான் அக்கா நெடுநேரம் சொன்னா, பூசணி முடிந்து பயற்றங்காய்க்குப் போன பிறகும் சொன்னா.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே கதைதான். பிள்ளையாரின் அருள் என்று ஒரு பகுதி. தேசிக்காய் நசியாத பூசை குறைப்பூசை, அதனால்தான் கார் இறங்க இடம் தெரியாமல் நிற்கிறது என்று மற்றப் பகுதி. தமிழ்ச் சங்கத் தலைவர் கூட்டம் வைத்தார். நல்ல இளகின தேசிக்காயாய் எடுத்துத் திரும்பவும் முறையாய்ச் செய்வது என்று கை உயர்த்தித் தீர்மானம் எடுத்தார்கள். இன்பராணி எழும்பி, ஓடுகிற காரை ஏன் நிலத்தில் இறக்க வேணும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தா. தீர்மானம் அதோடு படுத்துவிட்டது. இதற்கிடையில் சில ஆம்பிளைகள் மீன் உறைய வைக்கிற அறையில் தேசிக்காயை இரகசியமாய் வைத்துக் கல்லாக்கிக் கொண்டுவந்து தங்கள் வேன்களை ஏற்றிப் பார்த்தார்கள். சில நசிந்தன. ஒன்று தெறித்துப் போய்த் தலைவர் வீட்டு ஜன்னலை உடைத்தது. பிறகு ஒருவரும் முயலவில்லை.

நோர்வேக்காரர் காரை ஒருதரம் பார்த்தார்கள், டயருக்கும் பனிக்கும் நடுவில் தெரிந்த வெளிச்சத்தை ஒருதரம் பார்த்தார்கள், மூச்சை உள்ளே இழுத்து 'யா' என்றார்கள். வடக்கில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். மழைக்கும் அதுதான், மரணத்துக்கும் அதுதான். வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அதிகாரி கீழே அளக்கிற அடிமட்டத்தை விட்டு இழுத்து, தலையைச் சொறிந்து, முட்டினாலும் முட்டாவிட்டாலும் குளிர்கால டயர் போடத்தான் வேண்டும், சட்டம் அப்படி என்றார். இன்பராணி போட்டா. தேயாத டயரை வருடத்துக்கு இரண்டு தரம் மாற்றிக்கொண்டே இருந்தா.

பிறகு, யார் தொடங்கினது என்று தெரியாமல், ஒரு வழக்கம் வந்தது. கடலுக்குப் போகிற வள்ளக்காரர், சோதனை எழுதப் போகிற பிள்ளைகள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள், கடை வாசலில் அந்தக் கார் நிற்கக் கண்டால், பத்திரிகைத் தாள் ஒன்றை டயருக்குக் கீழே ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் கிழியாமல் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். வெள்ளைக் கிழவிகளும் செய்தார்கள். இன்பராணி சாமான் பையோடு வந்து, கடைசி ஆள் தாளை எடுத்து முடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் காரை எடுப்பா. எங்கட பெண்கள் ஒரு படி மேலே போய்க் காரைச் சுற்றிக் கும்பிடத் தொடங்கியபோதுதான் அவவுக்குச் சினம் வந்தது.

"இது கோயில் இல்லையெடி, கார். சும்மா சுத்தாமல் கண்ணாடியில கிடக்கிற ஐஸைச் சுரண்டி விடுங்கோ, புண்ணியமாய்ப் போகும்."

அன்றிலிருந்து அந்தக் காரின் கண்ணாடியில் ஐஸ் இருந்ததே இல்லையாம்.

ஆனால் பிள்ளை, முட்டாத காரை ஓட்டுவது எளிது என்று நினைக்காதே. வழுக்காது, உண்மை, பிடிக்கவும் பிடிக்காது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், கார் போய்க்கொண்டிருக்கும். தடுக்கிறதற்குக் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும் முன்பே இன்பராணி நிற்கத் தொடங்கிவிட வேண்டும். மேட்டையும் காற்றையும் நம்பிக் காலை எடுத்து, கார் தானாய்க் களைத்து நிற்கிற இடமும் தான் நிற்க வேண்டிய இடமும் ஒன்றாய் வரும்படி தூரத்திலேயே கணித்துவிட வேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க ஆளில்லாத கடற்கரை வீதியில் தனியாய் ஓடி ஓடி அதைப் பழகினா. வேலை முடிந்து, மீன் மணம் போகக் குளித்து, சாமிக்கு விளக்கு வைத்து, பிறகு போய் ஓடினா. ஒருவரும் அவவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை.

இரண்டாம் குளிர்காலத்தில்தான் தில்லையம்பலத்தாரின் சங்கதி வந்தது. அவரும் முந்தி மீன் வெட்டினவர்தான். கடைக்கு மேல் மாடியில் தனியாய் இருக்கிற மனிதர். இரண்டு கிட்னியும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் மலைக்கு அந்தப் பக்கம் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தி செய்ய வேண்டும். ஒன்று தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அடுத்ததும் தவறினால் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி டாக்ஸி அனுப்பும்தான், ஆனால் குளிர்காலத்தில் அது பாதி நாள் மலையடியில் இருந்து திரும்பிவிடும். நகரத்தில் வந்து குடியிரும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். முப்பது வருடம் இந்தச் சனத்தோடு இருந்துவிட்டு, கடைசிக்காலத்தில் முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் போய்ப் படுக்கிறதா என்று கேட்டார். டாக்ஸி திரும்பிப் போன ஒரு நாள் இன்பராணி கார்த் திறப்போடு அவர் வாசலில் போய் நின்றா. அவர் கீழே வந்து, முழங்கால் உயரத்துக்கு இருந்த காரைப் பார்த்து, இதற்குள் எப்படி இறங்குவது என்று கேட்டார்.

"இறங்கிறேல்ல அண்ணை, விழுறது. விழுங்கோ."

விழுந்தார். அன்றிலிருந்து இன்பராணி பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டு, அவரைக் கொண்டுபோய் விட்டு, அவர் இரத்தம் சுற்றி முடியும் வரை வெளியில் இருந்து திருமுறை வாசித்து, கூட்டிக்கொண்டு வந்தா. பனி பெய்தது, போனார்கள். பனி கண்ணாடி போல் இறுகியது, போனார்கள். பெரிய பெரிய லொறிகள் ஓரத்தில் பிரண்டு கிடக்க, அந்தச் சின்னப் பச்சைக் கார் தடம் ஒன்றும் விடாமல் அவற்றைத் தாண்டிப் போய் வந்தது.

மலை வீதியின் தொடக்கத்தில் ஒரு தடைமரம் இருக்கும். காற்று மிஞ்சினால் அதை இறக்கிவிடுவார்கள். வாகனங்கள் வரிசையில் காத்து நிற்க, பனி தள்ளுகிற பெரிய வண்டி வந்து முன்னால் போகும். அதன் பின்விளக்கைப் பார்த்தபடி மற்றவை ஒன்றன்பின் ஒன்றாய்ப் போக வேண்டும். முந்தக் கூடாது, இடையில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. எங்கட சனம் அதைக் கொன்வோய் என்று சொல்லும். சண்டைக்காலத்து ஊரில் கொன்வோய் என்றால் வரிசையாய் வருகிற இராணுவ வண்டிகள், அது போய் முடியும் வரை வேலிக்குள் ஒதுங்கி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர்கள். இங்கே அது ஒருவரையும் தவற விடாமல் கூட்டிப்போகிற ஒன்று என்று பழகவே அவர்களுக்குக் கனகாலம் எடுத்ததாம். அந்த வண்டியை ஓட்டுகிறவன் ஓட்வார் என்ற நோர்வேக்காரன், தாடிக்காரன், ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவன். முதல் நாளே கண்ணாடியில் பார்த்துவிட்டான், வரிசையில் ஒரு கார் தடம் விடாமல் வருகிறது என்று. மூச்சை உள்ளே இழுத்து 'யா' என்றான். அதன் பிறகு அந்தக் காரை எப்போதும் தனக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டான்.

நாலாம் குளிர்காலத்தில் அந்தப் புயல் வந்தது. தில்லையம்பலத்தாருக்கு ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது. சப்பாத்துக்குள் கால் போகவில்லை, பழைய துணியால் சுற்றிக்கொண்டு வந்தார். ஹெலிகொப்டர் கிளம்பாது என்றார்கள். மத்தியானம், ஆனால் இருட்டு. தடைமரத்தடியில் வேறு ஒரு வாகனமும் இல்லை. ஓட்வார் அவர் முகத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மரத்தை உயர்த்தினான். ஒரு பெரிய வண்டியும் ஒரு சின்னக் காருமாய் அந்தக் கொன்வோய் மலை ஏறியது.

பாதி மலையில் தில்லையம்பலத்தார் மெல்லச் சொன்னார்:

"தங்கச்சி, காரைத் திருப்பு. இவ்வளவும் காணும்."

இன்பராணி ஓட்டிக்கொண்டே இருந்தா. அவரே சொன்னார், களைத்துப் போனேன், இந்த ஓட்டை உடம்புக்காக உன்னையும் சேர்த்துக் கொல்ல ஏலாது, வீட்டை போய்ப் படுப்பம், வாறது வரட்டும் என்று. அவ முன்னால் தெரிந்த சிவப்பு விளக்கில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா:

"கொன்வோயில திரும்ப ஏலாது அண்ணை."

மலை உச்சியில் அந்தச் சிவப்பு விளக்கு நின்றது. வீடு உயரத்துக்குப் பனி வீதியை மூடிக் கிடக்க, ஓட்வாரின் வண்டி அதற்குள் மூக்கைக் குத்தி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் இறுகிவிட்டது. அவன் காற்றில் மடிந்து மடிந்து வந்து, கார் நிலத்தோடு பதிவாய் இருந்ததால் முழங்காலில் நின்று கண்ணாடியைத் தட்டினான். நான் வண்டிக்குள் சூடாய் இருப்பேன், நாளைக்கு ஆள் வரும், ஆனால் இவருக்கு நாளை இல்லை, நீ என்னை முந்திப் போ என்றான். அவன் வாயில் இருந்து ஒருவரும் கேட்டிராத நீளமான பேச்சு. கொன்வோயில் முந்தக் கூடாதே என்று இன்பராணி கேட்டா.

"கொன்வோய் இங்கே நின்றுவிட்டது," என்றான் ஓட்வார். "இனி நீ மட்டும்தான் வீதி."

தன் சாப்பாட்டுப் பெட்டியை, மீன் றோல்ஸ் அடுக்கியிருந்ததை, அவனிடம் கொடுத்துவிட்டு அவ காரை எடுத்தா. கார் பனிக்குன்றின் மேல் ஏறி, அதற்கு மேல் ஒரு தேசிக்காய் உயரத்தில் போனது. வழி காட்டுகிற கம்புகள் எல்லாம் கீழே புதைந்து கிடந்தன. விளக்கைப் போட்டால் வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டது போல் முகத்துக்கே திரும்பி வந்தது. வலப்பக்கம் கடல், நேர் கீழே. முட்டி ஓடுகிற காராய் இருந்தால் டயரின் சத்தத்தில் வீதி எது, வெளி எது என்று தெரிந்திருக்கும். இதில் சத்தமும் இல்லை. அத்தனை வருடம் வாசித்த திருமுறையில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லையாம், பிள்ளையாரே பிள்ளையாரே என்று மட்டும் வந்ததாம். காலை எடுத்தா. கார் களைக்கத் தொடங்கியது.

"இடப்பக்கம்," என்றார் தில்லையம்பலத்தார்.

திரும்பிப் பார்த்தா. அவர் கண் மூடியிருந்தது. அப்போதுதான் அவவுக்குத் தெரிந்தது, அந்த மனிதர் இந்த வீதியை ஒரு நாளும் கண்ணால் பார்த்தவர் இல்லை. போகும்போது பயத்தில் மூடிய கண், வரும்போது களைப்பில் மூடிய கண். அந்தப் பதிந்த இருக்கையில் மல்லாந்து கிடந்தபடி, ஒவ்வொரு வளைவும் வயிற்றைப் பிரட்டப் பிரட்ட, சத்தி வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்து போய் வந்து, முழு மலையையும் அவர் வயிறு பாடமாக்கி வைத்திருந்தது.

"இன்னும் வளை. இன்னும். இப்ப விடு. இனிக் கொஞ்சம் நேர. பள்ளம் வருது, அதுக்குப் பிறகு வலப்பக்கம், மெல்ல."

அவர் சொல்லச் சொல்ல அவ திருப்பினா. அவர் சொன்ன இடத்தில் வளைவு இருந்தது. அவர் சொன்ன இடத்தில் பள்ளம் இருந்தது. கார் இறங்க இறங்க அவர் குரல் மூச்சுக்குத் திணறியது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில், நீண்ட நேரான இறக்கம் தொடங்கிய இடத்தில், திருப்பு என்று சொன்ன அதே வாயால் சொன்னார்:

"இனி நேர்தான். கெதியா ஓட்டு தங்கச்சி. எனக்கு மூச்சு முட்டுது, கெதியா ஓட்டு."

அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அன்றைக்குத்தான் செய்தது என்று அக்கா சொன்னா. நகரத்துச் சனம் முதலில் சத்தத்தைத்தான் கேட்டதாம், பிறகு பனிப்புழுதிக்குள் இருந்து பச்சை நிறம் வந்ததாம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும் என்று இன்பராணி மலையடியிலேயே நிற்கத் தொடங்கியிருந்தா. தள்ளுவண்டியோடு நின்ற தாதியின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் வந்து களைத்து நின்றது.

ஓட்வாரை மறுநாள் மீட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். தில்லையம்பலத்தார் தேறி வந்த கிழமையே அவர் மாடிக்கு ஏறிப் போய், கண் தெரியாத நாட்களில் என் வண்டியில் வந்து வீதியைச் சொல்வாயா என்று கேட்டிருக்கிறான். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, உயரத்தில் இருந்தால் வயிற்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றார். ஓட்வார் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியின் தரையில் மான்தோல் விரித்துக் கொடுத்தான். இப்போது ஆஸ்பத்திரி நாளில் புயல் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு அவர் முன்னால் படுத்திருந்து சொல்ல, ஓட்வார் ஓட்ட, அந்த ஊரின் வாகனமெல்லாம் பின்னால் போகும். முதலாவதாய், தடம் இல்லாமல், இன்பராணி. பக்கத்து இருக்கை வெறுமையாய் இருப்பதால் யாராவது ஒருவரை ஏற்றிக்கொள்வா. பூமலர் அக்காவும் ஒரு தரம் விழுந்து போய் வந்திருக்கிறா.

அப்போதுதான் அக்கா கேட்டிருக்கிறா, அன்றைக்கு உனக்குப் பயம் வரவில்லையோ என்று.

"வந்தது அக்கா. அது தன்ர பாட்டில இருந்தது, நான் என்ர பாட்டில ஓட்டினன்."

அக்கா சொல்லி முடித்த அன்று சந்நிதியில் நின்று, எத்தனையோ பேருக்காக எத்தனையோ கேட்கிற நான், அந்த இன்பராணிக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி பிள்ளை, இருட்டுது, நீ போக வேணும். வாசற்படியெல்லாம் ஐஸாய்க் கிடக்கிறது. கதவு மூலையில் மணல் வாளி இருக்கு. இறங்கும்போது இரண்டு கை அள்ளிப் படியில் தூவிவிட்டுப் போ, உனக்குப் பிறகு விடியக்காலையில் பேப்பர் போடுகிற பெண் வருவா.